கடைசி சீட்டில் அண்ணன்

மலை ஏறும்போது அந்தச் சத்தம் வராது. சமதரையில் வராது. வண்டி காலியாகப் போனால் வரவே வராது. பத்து ஆளும் பத்து மூட்டையும் ஏறி, வய்சாலி மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது, மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்ததும் அடியிலிருந்து ‘டொக்’கென்று ஒன்று. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று. கீழே யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும் வசெமாதாவுக்கு.

ஏறியிருக்கிற பெண்களுக்கு அது கேட்காது. சவுசாவுவில் வண்டி கிளம்பும்போது ஆரம்பித்த சிரிப்பை லம்பாசாவில் இறங்கும்போதுதான் அவர்கள் நிறுத்துவார்கள். ஓட்டுகிறவளுக்குத்தான் தெரியும். காதுக்கு வருவதற்கு முன்னால் அது அவள் காலுக்கு வந்துவிடும்.

“இன்னைக்கும் தட்டிச்சு” என்பாள் வீட்டுக்கு வந்ததும்.

“கதவத் தெறந்து யாருன்னு கேக்க வேண்டியதுதானே” என்பான் அவள் புருஷன் அபிசாய்.

அபிசாய் கொப்பரை ஆலையில் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம், வாயெல்லாம் கேலி. நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு விஷயத்தை அது இருக்கிறபடி சொல்லத் தெரியாது அவனுக்கு. மழை வருகிறது என்று சொல்லக்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் சொல்வான். அதற்குள் காயப்போட்ட துணி நனைந்துவிடும்.

வேன் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. லம்பாசாவில் கம்பெனிக் கடையில் புதுசாக எடுத்தது. வெள்ளை நிறம், பத்து சீட். எங்கள் தீவின் அந்தக் கடற்கரை நெடுக ஆள் ஏற்றி ஓட்டுகிற பெண் வசெமாதா ஒருத்திதான். செவ்வாயும் சனியும் சவுசாவு சந்தை. வியாழக்கிழமை மலை தாண்டி லம்பாசா ஆஸ்பத்திரி. வண்டியோடு மூன்று வருஷ உத்தரவாதமும் ஒரு நீலப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் புத்தகத்தில் முத்திரை விழ வேண்டும். வேதப் புத்தகத்துக்கு அடுத்து அந்த வீட்டில் துணி சுற்றி வைத்திருந்த புத்தகம் அதுதான்.

சவுசாவுவிலேயே, கொப்பரை ஆலைக்குப் பின்னால், சீமைப்பலா மரத்தடியில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. அங்கே கிதியோனே கை வைத்தால் செத்த எஞ்சினும் இருமிக்கொண்டு எழுந்து உட்காரும். கிதியோனே வேறு யாரும் இல்லை, வசெமாதாவோடு கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணன் ஷெட் இருக்கும்போது இதில் என்ன யோசனை என்றுதானே கேட்பீர்கள்? அண்ணன் என்பதுதான் யோசனையே.

எங்கள் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் ஆளானபிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை. இப்போது நிறைய வீடுகளில் தளர்த்திவிட்டார்கள். டவுனில் அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். வசெமாதாவின் வீட்டார் மட்டும் விடவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசில் நின்ற பேச்சு, இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. தங்கையின் பாயில் அண்ணன் உட்காரமாட்டான். அண்ணனின் துண்டைத் தங்கை தொடமாட்டாள். இரண்டு பேரும் ஓரிடத்தில் இருந்தால் சுற்றி இருப்பவர்களும் நாக்கை அடக்கிக்கொள்ள வேண்டும். கொச்சையாக ஒரு சொல் விழக்கூடாது.

மச்சான் உறவு அதற்கு நேர் எதிர். மச்சானைக் கண்டும் கேலி பண்ணாமல் போனால் அதுதான் அவமரியாதை.

ஆகவே அவளுடைய வேன் ஷெட்டுக்குள் திரும்பினால் போதும். யங்கோனா வேரை இடித்துக் கரைத்து, கொட்டாங்கச்சியில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிற ஆண்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பிள்ளைகளாகிவிடுவார்கள். கிதியோனே எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விடுவான். வசெமாதா சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். என்ன கோளாறு என்பதை அபிசாய் சொல்ல வேண்டும்.

போன மாதம் அபிசாய் போய்ச் சொன்னது இது: “மச்சான், நேத்து விருந்து முடிஞ்சு உன் வயித்துல ஒரு சத்தம் கேட்டுச்சே, அதே சத்தம் இந்த வண்டிக்கும் வந்திருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் போனாத்தான் விடுது. உன்ன விட மானமுள்ள வண்டி.”

ஷெட்டே சிரித்தது. கிதியோனேயும் சிரித்தான். வயிற்றுச் சத்தம் என்றால் புகைக்குழாய்தான் என்று எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றித் துடைத்து இறுக்கி மாட்டினான். கூலி வாங்கவில்லை. ஓட்டிப் பார்த்தானா என்றால், அதுதான் இல்லை. ஓட்டுகிற சீட்டு தங்கையின் சீட்டு. அவள் தினமும் உட்கார்கிற இடம், அதில் அவள் முடைந்த சின்னப் பாய் வேறு விரித்திருக்கிறது. அதில் அவன் எப்படி உட்காருவான்? அபிசாயை ஓட்டச் சொன்னான். ஆடு மேய்ப்பவனைப் போல வேனை நடத்திக்கொண்டு ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தங்கமாக இருக்கிறது மச்சான் என்றான் அபிசாய்.

அடுத்த வியாழக்கிழமை, மூன்றாவது வளைவில், டொக்.

அப்போதுதான் வசெமாதா லம்பாசாவில் கம்பெனிக் கடைக்கு வண்டியைத் திருப்பினாள். அங்கே கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மேஜைக்குப் பின்னால் பிரகாஷ்னி என்று ஒரு பெண். கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை, காதில் சின்னத் தோடு. “சொல்லுங்க அக்கா, என்ன பண்ணுது?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை வண்டி எடுத்த நாளிலிருந்து யாரும் வசெமாதாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. அரைமணி நேரம் பேசினாள். எந்த வளைவு, எந்த கியர், எத்தனை மூட்டை, சத்தம் காலில் எந்த விரலுக்குக் கீழே வருகிறது என்பதுவரை சொன்னாள். பிரகாஷ்னி அத்தனையும் எழுதிக்கொண்டாள். வெளியே வரும்போது வசெமாதாவுக்கு மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது.

நீலச் சட்டை மெக்கானிக் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு சர்க்கரை ஆலைப் பக்கம் போனார். காலி வண்டி, சமதரை. அரைப்புக் காலமானதால் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, காதில் விழாததை விழவில்லை என்றார்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, நீலப் புத்தகத்தில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

சத்தம் போகவில்லை. சவுசாவுவில் ஒரு பேச்சு மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. கூடப் பிறந்தவன் ஷெட் இருக்க, அதைத் தாண்டி மலைக்கு அப்பால் போகிறாளாம்.

இப்படி இருக்கும்போதுதான் சபைப் பெண்கள் கூட்டம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை லம்பாசாவில். வுனிதாவா ஊரிலிருந்து பத்துப் பெண்கள், வருஷம் முழுக்க முடைந்த பாய்களோடு, அவள் வேனில். அவர்களில் பாதிப் பேருக்கு பஸ் படி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. வேன் போகவில்லை என்றால் வுனிதாவா ஊர்ப் பாய் இந்த வருஷம் கூட்டத்தில் விரியாது.

வசெமாதா புருஷனிடம் சொல்லிவிட்டாள். “எனக்குப் பின்னால பத்து வீட்டு அடுப்பு உக்காந்திருக்கு, உனாய்சி அப்பா. அது என்ன சத்தம்னு தெரியாம அந்த எறக்கத்துல நான் அவங்கள ஏத்தமாட்டேன்.” அபிசாய் அதற்கும் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை வெந்நீர் ஊற்றில் மரவள்ளிக் கிழங்கு வேகவைக்கப் போனாள். கடலுக்குப் பக்கத்திலேயே பூமி கொதிக்கிற இடம். சாக்கில் கிழங்கைக் கட்டிக் கொதிக்கிற குழியில் இறக்கிவிட்டு, மேலே வாழையிலையை மூடிவிட்டுக் கதை பேசலாம். அங்கே ஏற்கனவே செருவாயா உட்கார்ந்திருந்தாள், கிதியோனேயின் மனைவி. ஆவிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“யாரு, கம்பெனிக்காரியா? கிழங்கு வேகவைக்க இங்க எதுக்கு வந்த நாத்தனாரே? லம்பாசாவுக்குக் கொண்டு போ. வெந்த கிழங்குல முத்திரை குத்திக் குடுப்பாங்க.”

“குத்துவாங்க மதினி. உன் மூஞ்சியிலயும் ஒண்ணு குத்தச் சொல்றேன். எங்க தொலைஞ்சாலும் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவாங்க.”

“உத்தரவாதம் எத்தன வருஷம் தருவாங்க எனக்கு?”

“உனக்கெல்லாம் வாசல தாண்டினா கெடையாது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் செருவாயா குச்சியால் சாக்கைத் திருப்பிப் போட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தான் பரவாயில்லையே. உன் வேன் வர்ற சத்தம் கேட்டா ஸ்பானரக் கீழ வெச்சுடறார். அது ஷெட்டத் தாண்டிப் போன பெறகுதான் மறுபடி எடுக்கறார்.”

வசெமாதாவுக்கு ஆவி கண்ணுக்குள் போய்விட்டது. நீலப் புத்தகத்தைத்தான் சாக்காகச் சொன்னாள். மூன்று வருஷம் முடிவதற்குள் வெளி ஆள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்றாள்.

“வெளி ஆளா?” என்றாள் செருவாயா. “யாரு நாத்தனாரே வெளி ஆள்?”

வசெமாதா குழியின் மேல் வாழையிலையை இழுத்து மூடினாள்.

தான் ஏன் லம்பாசாவுக்குப் போனாள் என்பதை வசெமாதா மதினியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அது அண்ணனைக் குறை சொன்னதாகிவிடும். குறை சொல்கிற உரிமை அவளுக்கு இல்லை.

செருவாயாதான் மறுபடி ஆரம்பித்தாள். கேட்காத சத்தத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பேன் என்று ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

“அப்ப வந்து கேக்கச் சொல்லு” என்றாள் வசெமாதா. சட்டென்று வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

“எங்க உக்காந்து கேப்பார்? உன் தலையிலயா?”

“நான் முன்னாடி. அவர் கடைசி சீட்டுல. அதுக்கு மேல தள்ளிப் போக வண்டியில எடம் இல்ல. நடுவுல கிழங்கு மூட்டைய அடுக்கிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இந்த வாரம் பஸ்ல போகட்டும், பொம்பளைங்க யாரும் வேண்டாம். கூட்டத்துக்கு அனுப்பற சேம்பு மூட்டை எல்லாத்தையும் வியாழக்கிழமையே ஏத்திக்கலாம். பத்துப் பேர் கனம் வந்துடும்.”

“சேதி சொல்ல நடுவுல உன் புருஷன் உக்காந்தா வாய் சும்மா இருக்குமா?”

“அண்ணனும் தங்கச்சியும் இருக்கற வண்டி. இருந்துதான் ஆகணும்.”

“அத பாக்கவே நான் வரேன்” என்றாள் செருவாயா.

வியாழக்கிழமை விடிந்ததும் சேம்பு மூட்டை ஏற்றினார்கள். பதினெட்டு மூட்டை. வேன் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. வசெமாதா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டையே பார்த்திருக்க, கிதியோனே பின்கதவு வழியாக ஏறினான். பெரிய உடம்பு. மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, மடியில் ஸ்பானர் பையோடு உட்கார்ந்தான். நடுவில் மூட்டை மேல் அபிசாய். முன்னால் தங்கை பக்கத்தில் செருவாயா, மடியில் தேங்காய்ப் பாலில் வேகவைத்த சேம்பிலையும் மீனும் கட்டிய பொட்டலம்.

மலை ஏறும் வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. காட்டுக்குள் தூறல். மரப்பெரணி ஓலைகள் ரோட்டுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தன. அபிசாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பின்னால் மச்சான், அவன் மடங்கி உட்கார்ந்திருக்கிற கோலம் ஒன்றுக்கே ஒரு வாரத்துக்கான கேலி இருக்கிறது. ஒன்றையும் சொல்லமுடியாது. இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான், இரண்டு தடவையும் செருவாயா திரும்பிப் பார்த்தாள்.

உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது.

டொக்.

“ம்” என்றான் கிதியோனே பின்னாலிருந்து. அப்புறம் அபிசாயிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

“மெதுவா மிதிக்கணுமாம்” என்றான் அபிசாய். அதற்குள் வளைவு போய்விட்டது.

அடுத்த வளைவில் வசெமாதா மெதுவாக மிதித்தாள். பின்னாலிருந்து ஒரு முனகல். அபிசாய் குனிந்து கேட்டான், நிமிர்ந்தான். “இப்ப இல்லையாம். இதுக்கு முன்னாடி மிதிச்ச மாதிரி மிதிக்கணுமாம்.” அதற்குள் அந்த வளைவும் போய்விட்டது. ரெண்டாவது கியர் என்று செய்தி வந்தபோது வண்டி நேர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மிதிக்கச் சொல்லும்போது ஏற்றம் வந்தது. ஐந்து வளைவு வீணாகப் போனது. அபிசாய் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல்தான் சொன்னான், வாழ்க்கையில் முதல்முறையாக. ஆனாலும் இறங்குகிற வண்டி அவன் திரும்பிக் கேட்டு நிமிர்ந்து சொல்கிற வரைக்கும் காத்திருக்குமா?

மலையில் இன்னும் நாலு வளைவுதான் பாக்கி. அதற்கப்புறம் பைன் காடு, அப்புறம் சியாங்கங்கா, கரும்புத் தோட்டம், எல்லாம் சமதரை. அதற்குள் தெரியவில்லை என்றால் நாளைக்குப் பத்துப் பெண்களும் பாயைச் சுருட்டி மூலையில் வைக்க வேண்டியதுதான். 

“வண்டியே” என்றாள் வசெமாதா.

செருவாயா திரும்பிப் பார்த்தாள். வசெமாதா யாரையும் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள்.

“வண்டியே, ரெண்டாவது கியருக்கு வந்துட்டேன். வளைவு வருது. பாதி வளைவுல அழுத்தி மிதிக்கப்போறேன். நல்லா கேட்டுக்கோ.”

மிதித்தாள். டொக்.

 அபிசாய் வாயைத் திறந்தபடியே இருந்தான். அப்போது கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. வசெமாதா இருபத்தொன்பது வருஷமாகக் வீட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தும், கோயிலில் ஆண்கள் பெஞ்சிலிருந்தும் மட்டுமே கேட்ட குரல்.

“வண்டியே, நல்லா கேட்டுச்சு. எடது பக்கம். என் குதிகாலுக்கு நேர் கீழ. அடுத்த வளைவுல மிதிச்சுட்டு ஒடனே விட்டுடு.”

“சரி வண்டியே. இதோ வளைவு. மிதிக்கறேன். விட்டுட்டேன்.”

டொக். டொக்.

“விடும்போதும் ஒண்ணு வருதா வண்டியே?”

“வருது வண்டியே. எப்பவும் ரெண்டுதான். மூட்டை இல்லைன்னா வராது.”

“கனம் இருந்தாத்தான் அது எறங்கி ஒரசும். அப்படித்தான் இருக்கணும்.” மடியில் ஸ்பானர் பை கலகலத்தது. “வண்டியே, போன மாசம் உன்ன வெச்சுக்கிட்டு நான் ஓட்டிப் பாக்கல. அந்த சீட்டுல எப்படி உக்காருவேன்? அது என் தப்புதான்.”

மழை நின்றிருந்தது. கண்ணாடியில் துடைப்பான் வீணாகப் போய் வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்த வசெமாதாவுக்குத் தோன்றவில்லை.

“வண்டியே” என்றாள். “உன்ன நான் லம்பாசாவுக்கு ஓட்டிட்டுப் போனது அவங்க கெட்டிக்காரங்கன்னு இல்ல. முத்திரைக்காகவும் இல்ல. அங்க எனக்கு வாய் இருந்துச்சு. அவ்வளவுதான்.”

ஒரு வளைவு அப்படியே போனது. அந்த வளைவில் அவள் மிதித்தாளா, சத்தம் வந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை.

“வண்டி அதத் தப்பா நெனைக்கல” என்றது கடைசி சீட்டு. அப்புறம், “இன்னும் ஒரு வளைவு இருக்கு வண்டியே. கடைசியா ஒரு தடவ மிதி.”

மலையடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். கிதியோனே சாக்கை விரித்து இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் நுழைந்தான். வசெமாதா முன்பக்கம் போய், பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷத்தில் அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்து நைந்து போயிருந்தது. கனம் ஏறி, இறக்கத்தில் மிதித்தால் இரும்பும் இரும்பும் இடிக்கிறது. இப்படியே விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதத்தில் போல்ட் அறுந்திருக்கும். நாளைக்கு வேண்டுமானால் அறுந்திருக்காது, ஆனால் நாளைக்கு என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது? சட்டைப்பையிலிருந்து சாக்கட்டி எடுத்து அந்த இடத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“வண்டியே, இதுக்குப் புது புஷ் கம்பெனியிலதான் இருக்கும். உத்தரவாதம் இருக்கும்போது அவங்களே மாட்டிக் குடுக்கட்டும். எடம் தெரியலைன்னு சொன்னா குறி போட்டிருக்கேன்.”

“சரி வண்டியே” என்றாள் வசெமாதா, பானெட்டிடம்.

அபிசாய் ரோட்டோரத்தில் போய் நின்று, ஒரு பைன் மரத்தைக் கட்டிக்கொண்டு, முதுகு குலுங்கச் சிரித்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. செருவாயா பொட்டலத்தைப் பிரித்தாள். ஆண்கள் வண்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கம்பெனிக் கடையில் பிரகாஷ்னி கேட்டாள். “யாருக்கா கண்டுபுடிச்சது?”

“எங்கண்ணன்” என்றாள் வசெமாதா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

நீலச் சட்டை மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தார், சாக்கட்டிக் குறியைப் பார்த்தார், வெளியே வந்து கிதியோனேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் இரண்டு மணி நேரம் ஓட்டியும் கிடைக்காதது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

“கடைசி சீட்டுல உக்காந்தேன்” என்றான் கிதியோனே.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புஷ்ஷும் அன்றைக்கே மாட்டினார்கள். நீலப் புத்தகத்தைப் பற்றியும் வசெமாதா கேட்டுவிட்டாள். ஆயில், பில்டர் மாதிரி வழக்கமான வேலையை அண்ணன் ஷெட்டிலேயே பார்க்கலாம், கம்பெனி சொன்ன ஆயிலை ஊற்றி ரசீதை ஒட்டி வைத்தால் போதும், எஞ்சினைத் திறக்கிற வேலை என்றால் மட்டும் இங்கே வாருங்கள் என்றாள் பிரகாஷ்னி. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் கேட்கவே இல்லையே அக்கா என்றாள். அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை பத்துப் பெண்களும் பூப்போட்ட புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் மாலையோடு ஏறினார்கள். அண்ணன் வண்டியில் இல்லை என்பதால் சவுசாவு தாண்டுவதற்குள் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, அதையெல்லாம் நான் எழுத முடியாது. மூன்றாவது வளைவு வந்தது. வசெமாதா மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். காலுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை மிதித்தாள். சிரிப்பு மட்டும்தான் கேட்டது. அவளும் அதில் சேர்ந்துகொண்டாள். வுனிதாவா ஊர்ப் பாய் அன்றைக்குக் கூட்டத்தின் நடுவில் விரிந்தது.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை வெள்ளை வேன் கொப்பரை ஆலைக்குப் பின்னால் திரும்புகிறது. ஆண்கள் யங்கோனாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சீமைப்பலா மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கிதியோனே பின்வாசலுக்குப் போவதில்லை. வேனுக்கு அடியில் போய்விடுகிறான். வெளியே தெரிவது இரண்டு பாதம் மட்டும். வசெமாதா முன்பக்கம் நின்று பானெட்டில் கையை வைத்துக்கொள்கிறாள்.

“வண்டியே, காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் இழுக்குது.”

“பில்டர் மாத்திடலாம் வண்டியே.”

“கதவு ஒண்ணு சரியா சாத்த மாட்டேங்குது.”

“பாக்கறேன்.”

“வண்டியே, ரெண்டு வாரமா உனக்கு இருமல்னு மதினி சொல்றா. மருந்து குடிச்சியா?”

அடியில் ஸ்பானர் நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் கொட்டாங்கச்சியும் நின்றது.

“வண்டிக்கு இருமல் விட்டுடுச்சு” என்றது குரல். “தேங்காப் பால் ஊத்தின சேம்பிலை கொஞ்சம் கெடைச்சா முழுசா நல்லாயிடும்.”

“கடைசி சீட்டுல வெச்சிருக்கேன் வண்டியே” என்றாள் வசெமாதா. “ஆறறதுக்குள்ள எடுத்துக்கோ.”